'நியாயமான வேட்டை' யாருக்கு நியாயம்?

வேட்டைப் பயணங்களை ஒழுங்கு செய்யும் நிறுவனமொன்றின் விளம்பரக் கையேடு அண்மையில் எனது மின்னஞ்சலுக்கு வந்து சேர்ந்தது. எனது முகவரியை அவர்களுக்கு யார் கொடுத்தார்களோ தெரியாது. பத்து நாட்கள் ஆபிரிக்க வனாந்தரத்தில் தங்கி, நான்கைந்து வகை மறிமான்களைச் சுட்டு வீழ்த்தி, கொம்புகளோடு வீடு திரும்பலாம் என்று அது அழைக்கிறது. கடைசிப் பக்கத்தில் விலைப்பட்டியல். இம்பாலா ஒன்றுக்குச் சில நூறு டொலர். பெரிய கொம்புடைய குடு ஒன்றுக்கு இரண்டாயிரம், மூவாயிரம். (இலங்கை வாசகர்கள் 'குடு' என்றதும் வேறொன்றை நினைக்கக்கூடும். நான் சொல்வது முறுக்கிய கொம்புடைய ஒரு பெரிய விலங்கை.) காயப்பட்ட விலங்கு தப்பி ஓடிவிட்டாலும் முழுப்பணத்தையும் செலுத்தவேண்டும் என்பது நிபந்தனை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்துக்குப் பக்கம் ஓர் உறுதிமொழி: எங்களிடம் நடைபெறுவது நியாயமான வேட்டை மட்டுமே.

இந்த 'நியாயமான' என்ற அடைமொழியைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன். மிருகங்களைக் கொல்வது பாவம் என்று உபதேசம் செய்வது எனது நோக்கமல்ல. வேட்டையாடி உண்பது மனித குலத்தின் மிகப் பழைய தொழில். இறைச்சிக்கடையில் ஆட்டிறைச்சி வாங்கும் நான், மானைச் சுட்டவரைப் பார்த்து மூக்கைச் சுளிப்பதில் பொருளில்லை. ஆனால், சொற்களை எடைபோடுவதையே பல தசாப்தங்களாகத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், ஒரு சொல் பொய் சொல்லும்போது அதைச் சுட்டிக்காட்டும் உரிமை எனக்கு உண்டு என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். நாம் 'மான்' என்று பொதுவாக அழைக்கும் விலங்குகள் உண்மையில் இரு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. எமது நாட்டு மரையும் புள்ளிமானும் கொம்பு உதிர்ந்து முளைக்கும் இனம். ஆபிரிக்காவின் மறிமான்களோ மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் கொம்பு வாழ்நாள் முழுவதும் உதிர்வதில்லை. முயலளவிலான குட்டையான இனங்கள் முதல், ஏறத்தாழ 900 கிலோ வரை வளரக்கூடிய ஈலாண்ட் வரை எத்தனையோ வகைகள் அந்தக் கண்டத்தில் உண்டு. உதிராமல் ஆண்டுதோறும் வளரும் அந்தக் கொம்புகள்தான் அவற்றுக்கு எமனாக வந்து வாய்த்தன. கொம்பின் நீளத்தை அங்குலத்தில் அளந்து பதிவு செய்யும் வழக்கத்தை லண்டனைச் சேர்ந்த விலங்குடல் பதனிடுநர் ரோலண்ட் வார்ட் 1892இல் ஒரு நூலாகவே தொடக்கிவைத்தார். அந்தப் பதிவேடு இன்றளவும் வெளிவருகிறது. இறைச்சிக்காக வேட்டையாடுபவன் கொழுத்த விலங்கைத் தேடுவான். பதிவேட்டுக்காக வேட்டையாடுபவன் அளவு நாடாவைத் தேடுகிறான்.

'நியாயமான வேட்டை' என்ற கோட்பாட்டைப் பிரபலப்படுத்தியவர்கள் அமெரிக்கர்கள். பின்னாளில் அந்நாட்டின் ஜனாதிபதியான தியடோர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடக்கிவைத்த பூன் அன்ட் குரொக்கட் கழகம்தான் அதற்கு விதிகளை வகுத்தது. ஆழ்ந்த பனியில் சிக்குண்டு நகரமுடியாத விலங்கைச் சுடலாகாது. நீரில் நீந்திக்கொண்டிருக்கும் விலங்கைச் சுடலாகாது. தப்பிச் செல்லும் வாய்ப்பு விலங்குக்கு இருக்கவேண்டும். வேட்டைக்காரன் முறையற்ற அனுகூலத்தைப் பெறலாகாது. பிற்காலத்தில் தப்பமுடியாத வேலிக்குள் அடைபட்ட விலங்குகளும் இந்தத் தடைப்பட்டியலில் சேர்ந்தன. அன்றைய அமெரிக்காவில் காட்டெருமைகள் கோடிக்கணக்கில் கொன்றொழிக்கப்பட்ட பின்னணியில் பிறந்த இந்த விதிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தன் கையைத் தானே கட்டிக்கொள்ள முன்வருபவர்களை மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால், விதிகளை வகுத்தவரே ஆபிரிக்காவுக்குச் சென்றபோது என்ன நடந்தது? ஜனாதிபதிப் பதவியிலிருந்து இறங்கிய கையோடு, 1909இல் ரூஸ்வெல்ட் தமது மகன் கேர்மிட்டையும் அழைத்துக்கொண்டு கிழக்காபிரிக்கா சென்றார். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேகரிப்பது என்பது ஏற்பாடு. ஓராண்டுக்கும் குறைவான காலத்தில் தந்தையும் மகனும் தம் துப்பாக்கிகளால் கொன்ற விலங்குகள் 512. இந்தக் கணக்கை வெளியிட்டவர்கள் எதிரிகள் அல்லர். ரூஸ்வெல்ட் தமது நூலிலேயே இனம் இனமாக, எண்ணிக்கையோடு பட்டியலிட்டிருக்கிறார். விதிமீறல் எதுவும் அதில் இல்லை. ஒவ்வொரு விலங்கும் 'நியாயமாகவே' சுடப்பட்டது. எப்படிச் சுடவேண்டும் என்று சொல்லும் அந்தக் கோட்பாடு, எத்தனை சுடலாம், யாருடைய நிலத்தில் சுடலாம், சுடுவதற்கு அனுமதி கொடுத்தவன் யார் என்பவற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை. அங்கேதான் கோளாறு ஆரம்பமாகிறது.

கையேட்டில் வரும் 'வனாந்தரம்' என்ற சொல்லையும் சற்றுப் பார்ப்போம். மறிமான் வேட்டைக்குச் செல்லும் வெளிநாட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தென்னாபிரிக்காவுக்கும் நமீபியாவுக்குமே செல்கின்றனர். தென்னாபிரிக்காவில் அவர்கள் சுடும் விலங்குகளில் பெரும்பாலானவை தனியார் பண்ணைகளில் வாழ்பவை. 1991இல் அந்நாட்டில் கொண்டுவரப்பட்ட ஒரு சட்டத்தின்படி, போதிய வேலியிட்ட நிலத்தில் வாழும் காட்டு விலங்கு நில உரிமையாளரின் சொத்து. வேலியைத் தாண்டிப் போனாலும் அவருடைய சொத்தே. அந்த வேலி எட்டடி உயரமானது. நிறவெறி ஆட்சியின் கடைசிக் காலத்தில், நிலத்தில் மிகப் பெரும்பகுதி வெள்ளையர் கைகளில் இருந்த வேளையில், காட்டு விலங்கும் இவ்வாறு தனியுடைமையாயிற்று என்பதை வேட்டைக் கையேடுகள் எழுதுவதில்லை.

சொத்தாகிவிட்டால் அடுத்தது வியாபாரம்தானே? நீண்ட கொம்புக்காகத் தெரிவு செய்து இனப்பெருக்கம் செய்தார்கள். அது போதாதென்று விநோத நிறங்களுக்காகவும் செய்தார்கள். பொன்னிற வில்டபீஸ்ட், கறுப்பு இம்பாலா, வெள்ளை ஸ்பிரிங்பொக் என்பனவெல்லாம் இப்படிப் பண்ணைகளில் பெருக்கப்பட்டவை. இயற்கையில் எப்போதாவது ஒன்று பிறக்கும். அதைப் பிடித்து மந்தையாக்கினார்கள். கடந்த தசாப்தத்தின் முற்பகுதியில் இவற்றின் ஏல விலை வானளவு உயர்ந்து, பின்னர் சரிந்தது. 2019இல் தென்னாபிரிக்க அரசாங்கம், கால்நடை இனவிருத்திக்கான சட்டத்தின் பட்டியலில் மறிமான்கள் உட்படப் பல காட்டு விலங்குகளையும் சேர்த்தபோது, அந்நாட்டுச் சூழலியலாளர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கால்நடைச் சட்டத்தின் கீழ் இனம் பெருக்கப்படும் ஒரு பிராணியை, வேலிக்குள், விலைப்பட்டியலைப் பார்த்துத் தெரிவு செய்து சுடுவதற்கு எத்தனையோ பெயர்கள் சூட்டலாம். வனாந்தர வேட்டை என்பது அவற்றில் ஒன்றாக இருக்கமுடியாது.

பல்லாயிரம் ஹெக்டேயர் பரப்புள்ள பண்ணையில் வேலி இருந்தும் இல்லாதது போலத்தான் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. பரந்த நிலத்தில் ஒரு முதிர்ந்த குடுவை அதன் கால்தடம் பார்த்து நடந்தே அணுகுவது இலேசான காரியமல்ல. காற்று சற்றுத் திசைமாறினால் ஒரு நாள் உழைப்பும் வீண். அப்படி நடந்து களைத்து, வெறுங்கையோடு திரும்பவும் தயாராக இருக்கும் வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் பத்து நாளில் ஐந்து விலங்கு என்று முன்கூட்டியே உத்தரவாதம் கொடுக்கும் நிறுவனம், விலங்குக்குத் தப்பும் வாய்ப்பு இருக்கிறது என்றும் அதே மூச்சில் சொல்வது எப்படி? இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்கமுடியும்.

இனி, எதிர்த்தரப்பின் மிகப் பலமான வாதத்துக்கு வருகிறேன். வேட்டைக்காரனின் பணம்தான் இந்த விலங்குகளைக் காப்பாற்றுகிறது என்பது அது. இதை வெறும் பிரசாரம் என்று ஒதுக்கிவிடும் விலங்குநேயர்களின் போக்கு எனக்கு உடன்பாடானதல்ல. கென்யா 1977இல் வேட்டையை முற்றாகத் தடைசெய்தது. 1977க்கும் 2016க்கும் இடையில் அந்நாட்டு மேய்ச்சல் நிலங்களின் காட்டு விலங்குகள் சராசரியாக 68 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. சனத்தொகைப் பெருக்கம், கால்நடைகளின் பெருக்கம், வேலிகள், காலநிலை எனக் காரணங்கள் பல. தடையுத்தரவு மட்டும் ஒரு விலங்கையும் காப்பாற்றிவிடாது என்பது தெளிவு. மறுபுறத்தில் நமீபியா 1996இல் சட்டத்தைத் திருத்தி, பொதுநிலங்களில் வாழும் கிராமத்தவர்கள் காப்பகங்களை அமைத்து, காட்டு விலங்குகளால் வரும் வருமானத்தைத் தாமே பெற வழிசெய்தது. இன்று அங்கே எண்பதுக்கும் மேற்பட்ட காப்பகங்கள் உள்ளன. வேட்டைக் கட்டணமும் இறைச்சியும் அந்த மக்களைச் சென்றடைகின்றன. பிரிட்டனின் பொதுச்சபை 2023 மார்ச்சில் வேட்டைச் சின்னங்களின் இறக்குமதியைத் தடுக்கும் சட்டமூலத்தை நிறைவேற்றியபோது, ஆபிரிக்கக் கிராமத் தலைவர்கள் பலர் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். தங்கள் காட்டைப் பற்றித் தங்களிடம் கேளாமல் லண்டனில் முடிவெடுப்பது என்ன நியாயம் என்ற அவர்களது கேள்வி மறுக்கமுடியாதது.

அதேவேளை இந்த வாதத்தின் மறுபாதியையும் சொல்லவேண்டும். காப்பாற்றவேண்டிய நிலை ஏன் வந்தது? தென்னாபிரிக்காவின் நீலமறிமான் 1800ஆம் ஆண்டளவில் பூண்டோடு அழிந்தது. விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் சூட்டி ஏறத்தாழ 34 ஆண்டுகளே ஆகியிருந்தன. பொண்டபொக் என்ற அழகிய மறிமான், 1931இல் அதற்கென்று தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது 17 விலங்குகளோடு எஞ்சியிருந்தது. சகாராவின் வாட்கொம்பு ஓரிக்ஸ், மோட்டார் வாகனத்தில் துரத்தித் துரத்திச் சுடப்பட்டு, இயற்கையில் அற்றுப்போனதாக 2000இல் அறிவிக்கப்பட்டது. டெக்சாஸ் பண்ணைகளில் அது ஆயிரக்கணக்கில் பெருகியிருப்பதை வேட்டைக்காரர்கள் பெருமையோடு சுட்டிக்காட்டுகிறார்கள். பெருமைப்படட்டும். ஆனால் 2016 முதல் அதைச் சாட் நாட்டுப் பாலைவனத்துக்கு மீட்டுக்கொண்டு வந்தது சாட் அரசாங்கமும் அபுதாபியின் சுற்றாடல் முகவரகமும் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து எடுத்த முயற்சி. அதன் பயனாகவே 2023இல் அந்த இனம் 'இயற்கையில் அற்றுப்போனது' என்ற பட்டியலிலிருந்து ஒருபடி மேலே வந்தது. அங்கே தேவைப்பட்டது விலங்கு நடமாடக்கூடிய திறந்த நிலமும் அதைக் காக்கும் ஆட்களும். கொம்பை அளந்து பதிவேட்டில் எழுதியதால் எந்தப் பாலைவனத்திலும் ஓரிக்ஸ் திரும்பவில்லை.

இவையெல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது வேறொரு விடயம். வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும் பணியில் நான் இருந்த காலத்தில், ஆபிரிக்காவிலிருந்து வரும் செய்திகளில் ஒரு சங்கடம் அடிக்கடி குறுக்கிடும். ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு. அனுமதிப்பத்திரத்தோடு சுடுபவனுக்கு ஒன்று. அது இல்லாமல் சுடுபவனுக்கு வேறொன்று. தமிழில் எமக்கிருப்பது 'வேட்டைக்காரன்' என்ற ஒரே சொல்தான். எனவே இரண்டாமவனுக்குச் 'சட்டவிரோத' என்ற அடைமொழியைச் சேர்த்து எழுதுவோம். அடைமொழி சேர்க்கும்போதுதான் கேள்வி எழுகிறது: எவருடைய சட்டம்? அதை இயற்றியபோது அந்தக் காட்டில் வாழ்ந்தவனிடம் யாராவது கேட்டார்களா?

பொட்ஸ்வானாவின் கதை இதற்கு விடை சொல்லும். கலஹாரிப் பாலைநிலத்தின் நடுவே 50,000 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகம் 1961இல் அமைக்கப்பட்டது. விலங்குகளுக்கு மட்டுமன்றி, அங்கே பரம்பரையாக வாழ்ந்த சான் மக்களுக்கும் அது புகலிடமாகவே அமைந்தது. ஆனால் 1997இலும் 2002இலும் 2005இலும் அரசாங்கம் அவர்களை வெளியேற்றியது. நீர் விநியோகம் நிறுத்தப்பட்டது. ரோய் செசானா முதலானோர் வழக்குத் தொடுத்தார்கள். 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம், அவர்களது நிலத்தைப் பறித்தது சட்டவிரோதம் என்றும், வேட்டை அனுமதிப்பத்திரங்களை வழங்க மறுத்ததும் சட்டவிரோதம் என்றும் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வழக்காளிகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று அரசாங்கம் சுருக்கிக்கொண்டது. கிணற்று நீருக்காக அவர்கள் மீண்டும் நீதிமன்றம் ஏறி, 2011இல் மேன்முறையீட்டில்தான் அந்த உரிமையைப் பெற்றார்கள்.

பின்னர் வந்தது 2014ஆம் ஆண்டின் வேட்டைத் தடை. உலகெங்கும் விலங்குநேயர்கள் பொட்ஸ்வானாவைப் பாராட்டினார்கள். ஆனால் அந்தத் தடையில் ஒரு விதிவிலக்கு இருந்தது. பதிவுசெய்யப்பட்ட தனியார் வேட்டைப் பண்ணைகளுக்கு அது பொருந்தாது. அதாவது, டொலர் செலுத்தக்கூடிய வெளிநாட்டவர் பண்ணை வேலிக்குள் மறிமானைச் சுட்டுக் கொம்பைச் சுவரில் மாட்டலாம். அதே மறிமானைத் தன் பிள்ளைகளின் பசிக்காக வேட்டையாடும் சான் மனிதன் கைதுசெய்யப்படுவான். அதே 2014இல், அதே காப்பகத்தினுள்ளே வைரச் சுரங்கமொன்றும் திறந்துவைக்கப்பட்டது. மறிமான்களுக்குச் சான் மக்களின் அம்பினால் வரும் ஆபத்து சுரங்கத்தினால் வராது என்று அரசாங்கம் கருதியது போலும்! 2019 மே மாதத்தில் அந்தத் தடை நீக்கப்பட்டது. ஆனால் யாருக்கு வேட்டை விளையாட்டு, யாருக்கு வேட்டை குற்றம் என்ற பாகுபாட்டுக்கு அந்த ஐந்தாண்டுகள் அழியாத சாட்சியம்.

உண்மையில் நியாயமான வேட்டை என்ற ஒன்று உலகில் இருக்குமானால், அது சான் மக்களுடையதுதான். சிறிய வில். வண்டுப் புழுவிலிருந்து எடுத்த நஞ்சு தடவிய அம்பு. அம்பு பட்ட விலங்கு உடனே விழுந்துவிடாது. நஞ்சு ஏறும்வரை மணிக்கணக்கில், சிலவேளை நாட்கணக்கில் தடம் பார்த்துத் தொடரவேண்டும். கொளுத்தும் நண்பகல் வெயிலில் குடுவை ஓட ஓட விரட்டி, அது களைத்து நிற்கும்வரை தானும் ஓடிக் கொல்லும் முறையும் உண்டு. டேவிட் அட்டன்பரோவின் பாலூட்டிகள் பற்றிய பிபிசி தொடரில் அத்தகைய துரத்தலொன்று எட்டு மணிநேரம் நீடித்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். கால்தடத்திலிருந்து விலங்கின் வயதையும் களைப்பையும் எண்ணத்தையும் ஊகிக்கும் அந்தக் கலையில்தான் விஞ்ஞான சிந்தனையின் தொடக்கம் இருக்கக்கூடும் என்று லூயி லீபன்பேர்க் 1990இல் ஒரு நூலே எழுதினார். இந்த அறிவின் பெறுமதி வேட்டை நிறுவனங்களுக்கும் தெரியும். அதனால்தான் தடம் பார்ப்பதற்குச் சான் மக்களையே கூலிக்கு அமர்த்துகிறார்கள். விலங்கைக் கண்டுபிடிப்பவன் அவன். சுட்டவனின் பெயர் பதிவேட்டில். அவனே தனக்காக அதைக் கொன்றால் சிறை. நமீபியாவின் நியாய் நியாய் காப்பகத்தில் சான் மக்கள் தமது பாரம்பரிய ஆயுதங்களால் வேட்டையாடச் சட்டம் இடமளிக்கிறது. அங்கே முடிந்தது ஏனைய இடங்களில் ஏன் முடியாது?

தன்சானியாவின் லோலியொண்டோவிலும் இதே கதைதான். ஐக்கிய அரபு எமிரேட்ஸைச் சேர்ந்த வேட்டை நிறுவனமொன்றுக்கு 1990களின் ஆரம்பத்திலிருந்து வேட்டை உரிமை வழங்கப்பட்ட அந்தப் பிரதேசத்தில், 2022 ஜூனில் 1,500 சதுர கிலோமீற்றர் நிலத்தை அரசாங்கம் எல்லையிட முற்பட்டபோது மசாய் மக்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச்சூடு நடந்தது. மசாய் மக்கள் பலர் காயமுற்றார்கள். பொலிஸ்காரர் ஒருவர் உயிரிழந்தார். மாடு மேய்ப்பது காட்டுக்குக் கேடு. வேட்டை விருந்தினர் வருவது காட்டுக்கு நன்மை!

இந்தப் பாகுபாடு எமக்கும் புதியதல்ல. ஆபிரிக்காவில் ஏரியொன்றைக் 'கண்டுபிடித்து' அதற்கு அல்பேர்ட் என்று 1864இல் பெயரிட்ட சாமுவேல் பேக்கர், அதற்கு முன்னர் நுவரெலியாவில் குடியிருந்தவர். நாய்களை ஏவி மரையை மடக்கிக் கத்தியால் குத்திக் கொல்வதை வீர விளையாட்டாக அவர் 1854இல் வெளியிட்ட நூலில் வர்ணித்தார். இலங்கையில் பழகிய கையோடுதான் அவர் ஆபிரிக்கா சென்றார். அதே பிரிட்டிஷ் மரபு வகுத்த வனச்சட்டங்களின் தொடர்ச்சியாகவே 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடிய வேடர்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்களானார்கள். கலஹாரியின் கதையை நாம் தூரத்துக் கதையாகப் படிக்கமுடியாது.

எனவே, மறிமான் வேட்டையை உலகெங்கும் தடைசெய் என்று நான் கோரவில்லை. தடை எப்போதும் பலவீனமானவன் தலையிலேயே விழுகிறது என்பதைத்தான் பொட்ஸ்வானா எமக்குக் காட்டியது. நான் கோருவது மூன்று விடயங்கள். முதலாவது, வேலிக்குள் வளர்த்துச் சுடுவதைப் பண்ணை அறுவடை என்று அழையுங்கள். அதற்கு நியாயம், வனாந்தரம் என்ற சொற்களைக் கடன் வாங்காதீர்கள். இரண்டாவது, வேட்டையாளன் செலுத்தும் ஒவ்வொரு டொலரிலும் எவ்வளவு நில உரிமையாளருக்கு, எவ்வளவு அரசுக்கு, எவ்வளவு அந்த விலங்கோடு வாழும் கிராமத்துக்கு என்ற கணக்கை விலைப்பட்டியலின் பக்கத்திலேயே அச்சிடுங்கள். விலங்கைக் காப்பாற்றுகிறோம் என்று பெருமை பேசுபவர்களுக்கு இது கஷ்டமாக இருக்கக்கூடாது. மூன்றாவதும் முதன்மையானதும்: எந்த நிலத்தில் வெளிநாட்டவன் பணம் கொடுத்து மறிமானைச் சுடலாமோ, அந்த நிலத்தில் பரம்பரையாக வாழ்ந்தவனுக்கு உணவுக்காக வேட்டையாடும் உரிமை முதலில் இருக்கவேண்டும். அது இல்லாத இடத்தில், துப்பாக்கி ஏந்தியவன் எத்தனை மைல் நடந்தாலும், எத்தனை விதிகளைக் கடைப்பிடித்தாலும், நடப்பது நியாயமான வேட்டை அல்ல.

கையேட்டை அனுப்பிய நிறுவனத்துக்கு இந்த மூன்று கேள்விகளையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் கிடைத்தால், சாதகமோ பாதகமோ, இங்கேயே முழுமையாக வெளியிடுவேன்.